சுமோ மல்லர்களின் இரண்டு எடை மெஷின்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு மறுபடி நிற்கப் பழகுகிறவர்களுக்காகப் பல நாட்டுப் பிசியோதெரபி அறைகளில் ஒரு வெள்ளைப் பலகை வந்து சேர்ந்தது. மருத்துவத்துக்காக யாரும் அதைச் செய்யவில்லை. அது ஒரு வீடியோ கேமோடு விற்ற சாமான்.

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனியில் 'மரியோ' என்ற வீடியோ கேம் பாத்திரத்தைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோவுக்குத் தினமும் எடை பார்த்து வரைபடத்தில் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தது. கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பதே அவருக்குச் சுவாரசியமாக இருந்தது. இதையே வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிற விளையாட்டாக்கினால் என்ன என்று யோசித்தார். எடை பார்ப்பதில் விளையாட என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சுமோ மல்லர்களிடம் கிடைத்தது. ஒரு மெஷின் தாங்காத உடம்பு அவர்களுக்கு. இரண்டு மெஷின்களை அருகருகே வைத்து, மெஷினுக்கு ஒரு காலாக ஊன்றி நின்று, இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்வார்கள். கூட்டாமல் விட்டால் எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்பது தனித்தனியாகத் தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தை வைத்து விளையாடலாம் என்று அவருடைய குழு பிடித்துக்கொண்டது.

2007 டிசம்பரில் அந்த விளையாட்டு 'வீ ஃபிட்' என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கூடவே வந்த பலகை அரை மீட்டர் நீளம், சுமார் 5 செ.மீ. உயரம். நான்கு மூலைகளிலும் அடியில் ஒவ்வொரு உணரி இருந்தது. ஏறி நிற்பவரின் பாரத்தில் உள்ளே இருக்கும் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்; அந்த வளைவு மின்குறியாக மாறும். நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டால், உடலின் பாரம் இடமா வலமா, முன்னா பின்னா என்பது திரையில் ஒரு புள்ளியாக நகரும்.

பக்கவாதம் வந்தவருக்கு இந்தப் புள்ளி ஏன் முக்கியம்? பாதிக்கப்பட்ட காலில் பலம் குறைந்திருக்கும், உணர்ச்சியும் மங்கியிருக்கலாம். அதனால் நல்ல காலின் மேலேயே சாய்ந்து நிற்பார். ஆனால் தான் நேராக நிற்பதாகவே நினைப்பார். "இடது கால்ல வெயிட் போடுங்க" என்பார் பிசியோதெரபிஸ்ட். "போட்டுட்டேனே" என்பார் நோயாளி. அவர் பொய் சொல்லவில்லை; அவருடைய கால் அவருக்குச் சரியான தகவலைச் சொல்லவில்லை. திரையில் புள்ளி வலப்பக்கமே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு அவரே இடுப்பை மெல்ல நகர்த்துவார். கால் சொல்லத் தவறியதைக் கண் சொல்கிறது. இதற்காகப் பிசியோதெரபிஸ்ட்டுகள் இரண்டு குளியலறை எடை மெஷின்களை அருகருகே வைத்துப் பயிற்சி கொடுப்பது பழைய வழக்கம். அதனால் புதுப் பலகையின் பயன் அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது.

பொம்மையின் அளவீட்டை நம்பலாமா என்ற சந்தேகத்தை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராஸ் கிளார்க்கும் கூட்டாளிகளும் சோதித்தார்கள். ஆய்வகங்களில் சமநிலையை அளக்கும் விசைத் தளம் மிகுந்த விலை கொண்டது. 30 பேரை அதிலும் பலகையிலும் நிற்கவைத்து ஒப்பிட்டதில் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. ஆய்வு 2010-இல் வெளியானது. சாதாரண கிளினிக்கும் வாங்கக்கூடியதாக இருந்த ஒரு கருவிக்கு, அளவீட்டை நம்பலாம் என்ற தகுதி கிடைத்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

பலகை பொருந்தியது, விளையாட்டு பொருந்தவில்லை. பறந்து வரும் பந்தைச் சாய்ந்து தலையால் முட்ட வேண்டும், நடுவே வரும் ஷூவுக்கு விலக வேண்டும் என்பதெல்லாம் ஆரோக்கியமானவர்களின் வேகம். ஸ்பெயினின் வாலென்சியாவில் ஒரு குழு, நோயாளி எவ்வளவு சாய முடியுமோ அதற்கேற்ப அளவை மாற்றிக்கொள்ளும் விளையாட்டுகளை இதே பலகைக்காக எழுதியது. 2011-இல் வெளியான அவர்களின் சிறிய சோதனையில், நின்ற நிலைச் சமநிலை வழக்கமான பயிற்சியைவிடக் கூடுதலாக முன்னேறியது.

ஆனால் திரை மாயம் செய்யும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. கை இயக்கத்துக்காக 141 பக்கவாத நோயாளிகளிடம் நிண்டெண்டோவின் வீ கருவி விளையாட்டுகளைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டாட்டம், பிங்கோ போன்றவற்றை ஆடியவர்களும் அதே அளவு முன்னேறியிருந்தார்கள். 72 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2017-ஆம் ஆண்டு மதிப்பாய்வும், நடை வேகத்திலோ சமநிலையிலோ இத்தகைய வீடியோ கேம்களும் சேர்ந்த மெய்நிகர்ப் பயிற்சி வழக்கமான சிகிச்சையை மிஞ்சியதாகச் சொல்லவில்லை. வழக்கமான பயிற்சிக்கு மேல் கூடுதலாகச் செய்தபோது கை இயக்கத்தில் பலன் தெரிந்தது. என் முடிவும் அதை ஒட்டியதே. முன்னேற்றம் திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது. சலிப்பில்லாமல் இன்னும் ஐந்து நிமிடம் நிற்கவைக்குமானால் விளையாட்டுக்கு அந்த மதிப்பே போதும்.

அந்தப் பலகை இப்போது தயாரிப்பில் இல்லை. தலையில் மாட்டும் மெய்நிகர்க் கருவிகள் வந்துவிட்டன. அவை கிடைக்காத வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பக்கவாதத்திலிருந்து மீண்டுவருகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரே மாதிரியான இரண்டு எடை மெஷின்களில் நிற்கும் பயிற்சி அவருக்கு ஏற்றதா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் சரி என்றால் மட்டும், பிடித்துக்கொள்ள உறுதியான கம்பியும் பக்கத்தில் ஒரு ஆளும் இருக்கும்போது செய்யச் சொல்லுங்கள்.