சி மொழியில் சுட்டி கொண்ட ஸ்ட்ரக்ட் அணிகள்

எத்தனை பதிவுகள் வரும் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியுமென்றால், சி மொழியில் ஸ்ட்ரக்ட் அணிக்கான நினைவகத்தை அப்போதுதான் கேட்டு வாங்குவார்கள். ஸ்ட்ரக்டுக்குள் சுட்டி ஒன்றும் இருந்துவிட்டால் ஒருமுறை கேட்டு முடியாது. டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய இம்மொழியில், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் நிரலர் பாடு.

60 பேர் படிக்கும் வகுப்பு ஒன்று. ஒவ்வொரு பதிவிலும் பெயருக்கு ஒரு சுட்டி, மதிப்பெண்ணுக்கு ஓர் இன்ட். வழக்கமான 64 பிட் கணினியில் சுட்டிக்கு 8 பைட், இன்ட்டுக்கு 4, வரிசை பிசகாதிருக்கக் கம்பைலர் சேர்க்கும் வெற்றிடம் 4, ஆக 16. நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக்கிடம் 60 பேருக்கும் சேர்த்து 960 பைட் வாங்கினால் அணி தயார். ஆனால் கையில் இருப்பது 60 முகவரிகளை எழுதிவைக்கும் பதிவேடுதான். பெயர்கள் குடியிருக்க வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. அந்தப் பதிவேட்டிலும் பழைய கிறுக்கல் மிச்சமிருக்கலாம். மாலாக்குக்குப் பதில் கேலாக் என்றால் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கித் தரும்.

பெயருக்கு எவ்வளவு கேட்பது? ‘திருநாவுக்கரசு’ கண்ணுக்கு 8 எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் 14 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 42. முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கு இன்னொன்று சேர்த்து 43. புதியவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் அந்த ஒற்றை பைட்டைத்தான்.

விடுவிக்கும்போது பெயர்கள் முதலில், அணி கடைசியில். 61 முறை வாங்கினால் 61 முறை ஃப்ரீ.

ஒரு பதிவை இன்னொன்றுக்குச் சமன்குறியிட்டு நகலெடுத்தால் முகவரி மட்டுமே நகலாகும். இரண்டு பதிவுக்கும் ஒரே பெயர். இரண்டு வழியாகவும் விடுவித்தால் நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

வகுப்பு பெருத்தால் அணியை நீட்ட ரீஅலாக். அது அணியை வேறிடத்துக்குக் குடிபெயர்க்கலாம். பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், அவற்றின் முகவரிகளும் செல்லுபடியாகும். அணியின் நடுவிலுள்ள பதிவை வெளியிலிருந்து சுட்டிக்கொண்டிருந்த சுட்டிதான் அநாதையாகும். இடம் கிடைக்காவிட்டால் ரீஅலாக் நல் என்ற வெற்றுச் சுட்டியைத் தரும், பழைய அணியைத் தொடாது. விடையை நேராகப் பழைய சுட்டியிலேயே எழுதியவருக்கு அந்த அணியை அடைய வழியில்லை. அப்போது நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியை ஓட்டிப் பார்த்தால் அணியை ‘நிச்சயமாகத் தொலைந்தது’ என்றும், அதை நம்பியிருந்த 60 பெயர்களை ‘மறைமுகமாகத் தொலைந்தது’ என்றும் கணக்கெழுதும்.