காப்பித் தோட்டமும் கர்ப்பிணியின் நாள் கணக்கும்

ஏற்காடு என்றால் நமக்கு ஏரியும் லேடீஸ் சீட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சேர்வராயன் மலையின் வரலாறு காப்பித் தோட்டங்களில் இருக்கிறது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பழம் பறிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது.

டாக்டர்கள் கர்ப்பத்தை மூன்று பருவமாகப் பிரிப்பார்கள். தோட்டங்களுக்கும் பொருந்திய 1961 பேறுகாலச் சட்டம் அதை வாரங்களாகப் பிரித்தது. ஏறக்குறைய எட்டாம் மாதத்தில், அவள் கேட்டுக்கொண்டால் கடின வேலையோ, நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக்கூடாது. பிறகு சம்பளத்தோடு 12 வார விடுப்பு. அதில் 6 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கரு கலைந்தால் 6 வாரம். வேலைக்குத் திரும்பியபின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் 2 இடைவேளை.

நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: முந்தைய 12 மாதத்தில் 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும். காப்பிப் பறிப்போ சில மாதங்கள்தான். பறிப்புக்கு மட்டும் வருகிறவள் 160 நாளுக்கு எங்கே போவாள்?

1988 திருத்தம் அதை 80 நாளாகக் குறைத்தது. 2017-இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரமானது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 80 நாள்தான்.

என்னைப் பொறுத்தவரை, 26 வாரத்தைவிடப் பெரிய மாற்றம் இந்த 80 நாள்தான். ஆனால் பதிவேட்டில் ஏறாத நாள் கணக்கில் வராது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதிவேடு, நண்பர்களே!