குளச்சலும் உதயகிரியும்

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து காலையில் காரில் கிளம்பினால், விளக்கு வைப்பதற்குள் குளச்சல் போய்த் திரும்பிவிடலாம். இருந்தும் எழுபது வயது கடந்த பிறகுதான் பேரனுடன் போக வாய்த்தது.

கடற்கரையில் வள்ளங்களும் மீன் ஏலக் கூச்சலுமாக ஒரே கலகலப்பு. அருகில் வெற்றித் தூண். மிளகு வியாபாரத்துக்காகப் போரிட்ட டச்சுக் கம்பெனிப் படையை 1741-ல் மார்த்தாண்ட வர்மா மகாராஜா முறியடித்த இடம் இது. சிறைப்பட்ட டிலனாயை மகாராஜா தம் படைக்கே பயிற்சியாளராக்கினார். பிற்பாடு அவர் ‘வலிய கப்பித்தான்’ ஆனார்.

திரும்பும் வழியில் தக்கலை அருகே உதயகிரிக் கோட்டை. டிலனாய் பலப்படுத்திய இக்கோட்டையில் பீரங்கிகளும் வார்க்கப்பட்டன. 1777-ல் காலமான அவரது கல்லறை இங்கேதான் உள்ளது. கல்லில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது!

“எதிரியை எப்படித் தாத்தா நம்பினார்?” என்றான் பேரன். சர்க்கார் உத்தியோகத்தில் தப்பு செய்தவர்களுக்கு மெமோ கொடுத்தே பழகியவன் நான். அவர்களிடமிருந்த திறமையைத் தேடியது குறைவு. பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று.

இப்பக்கம் வரும் அங்கத்தினர்கள் இரண்டு இடங்களையும் சேர்த்தே பாருங்கள். காலையில் கடற்கரை, வெயில் ஏறியபின் கோட்டை மரநிழல்.