தோட்டத்துப் போராட்டமும் 60 நாள் கெடுவும்

வேலை போனால் தலைவிதி என்று இருந்துவிடலாமா? பாச்சாங் வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைக்கும் கடைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போகிறவர்களில் பலருடைய பாட்டன் பாட்டிமார் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள். 'ஏன் என்னை நிறுத்தினீர்கள்?' என்று துரையிடம் கேட்கும் உரிமை அந்தத் தலைமுறைக்கு இருந்ததில்லை.

ஒப்பந்தக்கூலி முறையில், தோட்டத்தை விட்டு ஓடியவரைச் சிறையில் அடைக்கச் சட்டமே இடம் தந்தது. 1910இல் அம்முறை நிறுத்தப்பட்டது. ஆனால், அதன் பிறகும் கங்காணி வழி வந்தவர்களுக்குத் துரை வைத்ததுதான் சட்டம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச்.நாதன். தொழிலாளர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயமும் ஒழிய வேண்டும் என்றார்கள். கூலியோடு மானத்தையும் சேர்த்தே கேட்டார்கள். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த மே மாதத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

அவசரகாலத்தில், 1949 மே 4ஆம் நாள், தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி தூக்கிலிடப்பட்டார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 1957 ஜூன் முதல் நடப்புக்கு வந்தது. சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள், பிரசவ விடுப்பு ஆகியவை முதலாளியின் தயவாக இல்லாமல் சட்டத்தின் கட்டளையாயின.

சட்டம் வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதா? இல்லை. 1967இல் மலாக்கா புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள்.

அதே 1967இல் தொழிலியல் உறவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 20ஆம் பிரிவின்படி, நியாயமின்றி நீக்கப்பட்டவர் மீண்டும் வேலை கேட்டுத் தொழிலியல் உறவு இலாகாவில் மனுச் செய்யலாம். தொழிற்சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சமரசம் ஏற்படாவிட்டால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றம் வரை போகலாம். ஆனால், வேலை நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். 'பிறகு பார்க்கலாம்' என்று மேலாளர் சொல்லும் ஆறுதலை நம்பிக் காத்திருந்தால் கெடு நிற்காது. நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் மேலும் விரிந்துள்ளது. வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கும் 7 நாள் விடுப்பு உண்டு.

அன்று தோட்டத்தில் சட்டம் இல்லாமல் தோற்றார்கள். இன்று பட்டணத்தில் சட்டம் இருந்தும், தெரியாமல் தோற்கிறார்கள். வேலை நிறுத்தக் கடிதம் கைக்கு வந்தால் அழுது முடித்துவிட்டு, முதலில் அதில் உள்ள தேதியைக் குறித்து வைப்பதே புத்திசாலித்தனம்.