அடையாள அட்டை கேட்கும் கலங்கள்: எச்.ஐ.வி.யும் உடலின் காவலும்

மண்கும்பானில் உறவினர் வீடொன்றில், மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்த மாமி ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "தம்பி, உடம்பில எதிர்ப்புச் சக்தி இருந்தா எச்.ஐ.வி. தானாச் செத்துப்போகும் எண்டு சொல்லினம். பிறகேன் சீவியம் முழுக்கக் குளிசை?" யாருக்காகக் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

எமது குருதியில் இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்றொரு வகை வெண்கலங்கள் உள்ளன. குருதியிலுள்ள நிணநீர்க் கலங்களில் ஏறத்தாழ 5 முதல் 15 வீதம் இவையே. 1970களின் நடுப்பகுதியில் இவை கண்டறியப்பட்டன. முன்பின் அறியாத கிருமி வந்தாலும் விரைவாகவே எதிர்க்கக்கூடியவை.

இவை எப்படி ஆளறிகின்றன? பண்ணைப் பாலத்துச் சோதனைச்சாவடியை மறக்காதவர்களுக்கு எளிதில் விளங்கும். கருவுள்ள எமது உடற்கலங்களில் மிகப் பெரும்பாலானவை எச்.எல்.ஏ. என்ற புரதங்களை வெளியே காட்டுகின்றன. அவை கலத்தின் அடையாள அட்டை. அட்டையைக் கண்டால் கொல்லிக் கலம் விலகிப்போகும், காணாவிட்டால் சந்தேகிக்கும். இக்கருத்தை 1986இல் சுவீடனின் கிளாஸ் கேரே குழுவினர் பரிசோதனையால் காட்டினர். அட்டை இல்லாதது மட்டும் போதாது. கலத்தில் அபாயக் குறியான புரதங்கள் தெரியவேண்டும். அல்லது பிறபொருளெதிரிகள் ஒட்டியிருக்கவேண்டும். உவமை எமக்குக் கசப்பானதுதான். ஆனால் இங்கே பிடிபடுவது அப்பாவி அல்ல, கிருமி குடியேறிய கலம்.

அடையாளம் கண்டதும் கொல்லிக் கலம் பெர்போரின் என்ற புரதத்தால் அக்கலத்தில் துளையிட்டு, கிரான்சைம்களைச் செலுத்தி அதை அழிக்கும். கூடவே, எச்.ஐ.வி. புதிய கலங்களுக்குள் நுழையும் வாசல்களில் ஒன்றை அடைக்கும் பொருட்களையும் சுரக்கும்.

எச்.ஐ.வி.யின் தந்திரம் இங்கேதான். ரீ கலங்கள் என்ற இன்னொரு காவற்படை, எச்.எல்.ஏ.வின் ஏ, பி வகைகளில் தெரியும் வைரஸ் துண்டுகளைப் பார்த்துத் தாக்கும். அதனால் வைரஸின் நெவ் என்ற புரதம் அந்த இரண்டையும் உள்ளே இழுத்து மறைக்கிறது. எல்லாவற்றையும் மறைத்தால் கொல்லிக் கலத்திடம் அகப்படும். ஆகவே சி, ஈ வகைகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. பாதி அட்டையைக் காட்டித் தப்பும் இந்த வித்தை 1999இல் வெளிவந்த ஆய்வொன்றில் தெரியவந்தது. அபாயக் குறிகளில் சிலவற்றையும் நெவ் குறைத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில கலங்களுக்குள் வைரஸ் எதுவும் செய்யாமல் உறங்கிக் கிடக்கும். வெளியே குறியில்லாததால் எந்தக் காவலுக்கும் அது தெரியாது. சிகிச்சையின்றி வைரஸ் பெருகினால் கொல்லிக் கலங்களே காலப்போக்கில் வலுவிழக்கும். எதிர்ப்புச் சக்தியை மட்டும் நம்பிக் குளிசையை நிறுத்தினால் உறங்கியது எழும்பிவிடும்.

குளிசையை ஒழுங்காக எடுத்து, குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை தொடர்ந்தால், பாலுறவு மூலம் அது மற்றவருக்குத் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பரிசோதனையும் சிகிச்சையும் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். விபரங்கள் இரகசியமாகவே பேணப்படும்.

மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப குளிசையை விடவேண்டாம் எண்டு சொல்லுறன்" என்றார். அவர் கேட்டதுபோல் கேட்க முடியாமல் இருப்பவர்களுக்காகவே இதை எழுதினேன்.