சக்கரக் காலணியின் வரலாறு

தில்லியில் நாம் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பில், மாலை வேளைகளில் குழந்தைகள் சக்கரக் காலணி பூட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வட்டமிடுவது வழக்கம். பஞ்சாபிக் குழந்தைகளும், வங்காளக் குழந்தைகளும், நம் தமிழ்க் குழந்தைகளும் ஒருவர் பின் ஒருவராய் விரையும் அக்காட்சியைப் பார்ப்பதே அலுவலகக் களைப்புக்கு ஒரு மருந்து. சில திங்களுக்கு முன் அம்மகிழ்ச்சிக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. மேல்மாடியில் இருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துச் சிறுமி, ஒன்பது வயதினள், வாங்கி மூன்று வாரங்கூட ஆகாத காலணியுடன் ஒரு வளைவில் திரும்பினாள். இடது காலணியின் அடிச்சட்டம் ரிவிட் அடித்த இடத்தில் இரண்டாகப் பிளந்தது. கையை ஊன்றி விழுந்த குழந்தைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

ஒரு வாரம் கழித்து, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூளியில் தாங்கியபடி, மற்றக் கையில் அந்த உடைந்த காலணியைத் தூக்கிக்கொண்டு அவள் நம் வீட்டுக்கு வந்தாள். "மாமா, இது புதுசுதானே? புதுசு எப்படி மாமா உடையும்?" என்று கேட்டாள். கேள்வி எளிது, விடை எளிதன்று. குழந்தைக்குத் தக்க விடை கூற வேண்டுமானால், அக்காலணி எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் எனத் தோன்றியது. அவ்வாறு நாம் அறிந்தவற்றையே இங்கு நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு முதலில் எழுந்த ஐயம் பெயரைப் பற்றியது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரங்கள் வண்டிச் சக்கரம் போல் அமைந்தது ஒரு வகை. சக்கரங்கள் யாவும் ஒரே கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது மற்றொரு வகை. பின்னதை வரிச்சக்கரக் காலணி என்று அழைப்போம். பேச்சு வழக்கில் இரண்டும் ஸ்கேட்தான். வரிச்சக்கரம் அண்மைக் காலத்துப் புதுமை என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவ்விரண்டில் மூத்தது அதுவே.

சக்கரக் காலணியைப் பற்றிய பழைய செய்திகளுள் புகழ்பெற்றது ஜான் ஜோசப் மெர்லின் என்பவரைப் பற்றியது. இன்று பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹுய் என்னும் ஊரில் 1735-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1760-இல் லண்டன் சேர்ந்தார். கடிகாரங்களும் இசைக் கருவிகளும் விந்தைப் பொறிகளும் செய்வதில் வல்லவர். லண்டன் சோஹோ பகுதியில் நடந்த மாறுவேட விருந்து ஒன்றில், தாம் செய்த சக்கரக் காலணிகளை அணிந்து, வயலின் வாசித்துக்கொண்டே கூட்டத்தின் நடுவே உருண்டு வந்தார். வந்தவருக்கு நிற்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. 500 பவுனுக்கும் மேற்பட்ட விலையுள்ள ஒரு நிலைக்கண்ணாடியில் மோதி, கண்ணாடியையும் வயலினையும் உடைத்து, தாமும் கடுங்காயம் அடைந்தார். இந்நிகழ்ச்சியை எழுதிவைத்த தாமஸ் பஸ்பியின் நூல் 1825-இல்தான் வெளிவந்தது. எனவே இடையில் கதை சற்று வளர்ந்திருக்கவும் கூடும். ஆயினும் அது சொல்லும் உண்மை மாறாது. மெர்லினின் காலணி உருண்டது. உருள்வதொன்றே போதுமென்று அதைச் செய்தவர் எண்ணிவிட்டார்.

அன்று தொட்டு இன்றுவரை சக்கரக் காலணியைச் செய்தவர் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவராயினர். திரும்புகிறதா? நிற்கிறதா? நாள்பட உழைக்கிறதா? இம்மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன.

1819-இல் பாரிஸ் நகரத்துப் பெதிப்லெத் என்பவர் இத்தகைய காலணிக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தாலான அடிப்பலகை, அதன் கீழ் ஒரே வரிசையில் சிறு சக்கரங்கள். சக்கரத்தை உலோகத்தாலோ, மரத்தாலோ, யானைத் தந்தத்தாலோ செய்யலாம் என்றார். பனிக்கட்டியின் மேல் சறுக்குவோர் செய்யும் வித்தைகள் அனைத்தையும் இதில் செய்யலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் ஒரே அளவுள்ள சக்கரங்கள் ஒரே கோட்டில் தரையை அழுத்தி நின்றால், அவை நேராகப் போகவே விரும்பும். வளைவில் முரண்டு பிடிக்கும்.

இதற்கு ஒரு வழி கண்டவர் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் ஜான் டையர்ஸ். 1823-இல் அவர் காப்புரிமை பெற்ற காலணியில் ஐந்து சக்கரங்கள் ஒரே வரிசையில் இருந்தன. நடுச்சக்கரத்தைச் சற்றுப் பெரிதாக அமைத்தார். இதனால் எல்லாச் சக்கரங்களும் ஒரே சமயத்தில் தரையைத் தொடா. உடலின் பாரத்தை முன்னோ பின்னோ சாய்த்தால் காலணி படகு போல் ஆடித் திரும்பும். இந்த நுட்பத்தை இன்றும் சில காலணிகளில் காணலாம். நடுச்சக்கரங்கள் சிறிது தாழ்ந்திருப்பதைக் கண்டு, சட்டம் கோணியிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவோர் உண்டு. அது குறையன்று, டையர்ஸ் விட்டுச்சென்ற செல்வம்.

எனினும் வரிச்சக்கரத்தின் காலம் அப்போது வரவில்லை. 1863-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெனார்ட் பிளிம்ப்டன், முன்னிரண்டு பின்னிரண்டாக நான்கு சக்கரம் வைத்துப் புதியதோர் அமைப்பைக் கண்டார். அடிப்பலகைக்கும் அச்சுக்கும் இடையே ரப்பர் மெத்தை ஒன்றைப் பொருத்தினார். ஒரு பக்கம் சாய்ந்தால் ரப்பர் அமுங்கும், அச்சுகள் திரும்பும், காலணி அப்பக்கம் வளையும். கற்றுக்கொள்வது எளிதாயிற்று. 1866-இல் ரோட் தீவு மாநிலத்து நியூபோர்ட்டில் அவர் பொதுமக்களுக்கான சறுக்கு அரங்கம் ஒன்றைத் திறந்தார். அதன் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சறுக்கு அரங்குகள் பெருகின. ஆங்கிலேயர் காலத்தில் நம் நாட்டு மசூரியிலும் மரத்தளம் இட்ட அரங்கு தோன்றியது. வரிச்சக்கரம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மறதியில் கிடந்தது.

திரும்பும் கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது. உழைக்கும் கேள்வி எஞ்சி நின்றது. அக்காலத்துச் சக்கரங்கள் அச்சின்மீது நேராக உராய்ந்து சுழன்றன. உராய்வினால் சூடும், சூட்டினால் தேய்மானமும் மிகும். 1870-களின் பிற்பகுதியில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் பௌன், ஜோசப் ஹென்றி ஹியூஸ் ஆகியோர் எஃகுக் குண்டுகள் அடங்கிய பேரிங்கைச் சக்கரக் காலணிக்கு ஏற்ப அமைத்தனர். 1884-இல் அமெரிக்காவில் லெவன்ட் ரிச்சர்ட்சன் இதே துறையில் காப்புரிமை பெற்றார். சைக்கிளின் சக்கரத்தை எளிதாகச் சுழலச் செய்த அதே அறிவு இதற்கும் பயன்பட்டது.

அடுத்த பெரிய மாற்றம் சக்கரத்தின் பொருளில் நேர்ந்தது. மரமும் எஃகும் சுட்ட களிமண் கலவையும் சாலையில் உதவவில்லை. சிறு கூழாங்கல் தடுத்தாலும் ஆள் குப்புற விழுவார். 1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்னும் அமெரிக்க இளைஞர் பாலியுரித்தேன் சக்கரங்களைச் சறுக்குப் பலகைகளுக்குக் கொண்டுவந்தார். ரப்பரைப் போல் தரையைப் பற்றும்; ரப்பரைப் போல் விரைவில் தேயாது. சறுக்கு விளையாட்டு அரங்கத்தை விட்டுத் தெருவுக்கு வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

1980-ஐ ஒட்டி, மினியாபொலிஸ் நகரத்தில் பனி ஹாக்கி ஆடிவந்த ஸ்காட் ஒல்சன், பிரென்னன் ஒல்சன் என்னும் சகோதரர் கையில் பழைய வரிச்சக்கரக் காலணி ஒன்று கிட்டியது. கோடையில் பனி இல்லாதபோது பயிற்சி செய்ய ஏற்றது என்று கண்ட அவர்கள், அதன் சட்டத்தை ஹாக்கி பூட்ஸில் பொருத்திப் பாலியுரித்தேன் சக்கரங்களை மாட்டினர். அதிலிருந்து பிறந்த ரோலர்பிளேடு என்னும் வணிகப் பெயர், பின்னர் அவ்வகைக் காலணி அனைத்துக்கும் பொதுப்பெயர் போலவே ஆயிற்று. ஆனால் தொடக்க காலத்துக் காலணிகளில் குறைகள் பல இருந்தன. பேரிங்குக்குள் தூசியும் ஈரமும் புகுந்தன. சக்கரங்கள் எளிதில் பழுதாயின. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. நிறுவனம் கைமாறிய பின், 1980-களின் பிற்பகுதியில், கண்ணாடி இழை கலந்த உறுதியான சட்டமும், எளிதில் அணியக்கூடிய பூட்ஸும், குதிகாலில் சிறந்த பிரேக்கும் வந்தன. அதன் பிறகே உலகம் இதனை வாங்கியது. மெர்லினின் கண்ணாடி உடைந்து இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின், நிற்கும் கேள்விக்கும் ஒருவாறு விடை கிடைத்தது.

இவ்வரலாற்றைத் தெரிந்துகொண்ட பின் அந்த உடைந்த காலணியை எடுத்துப் பார்த்தோம். குற்றம் விளங்கியது. வெளித்தோற்றத்தில் அது புத்தம் புதிய அமைப்பு. வண்ணமும் மின்னும் விளக்கும் உண்டு. ஆனால் சட்டம் மெல்லிய பிளாஸ்டிக். பூட்ஸுடன் அதை இணைத்தவை இரண்டே ரிவிட்டுகள். குழந்தை வளைவில் சாயும்போது உடலின் பாரம் முழுவதும் அவ்விரண்டு துளைகளின் விளிம்பில் விழுந்திருக்கிறது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. சட்டத்தை இரு கைகளாலும் பற்றி முறுக்கிப் பாருங்கள், நெளிந்தால் வேண்டாம். அலுமினியச் சட்டமோ, இழை கலந்த கனமான சட்டமோ நல்லது. ரிவிட்டைவிட போல்ட் மேல்; தளர்ந்தால் இறுக்கலாம், பழுதானால் மாற்றலாம். பூட்ஸை இறுக்கிக் கட்டியபின் குதிகால் மேலெழக் கூடாது. கணுக்கால் உட்பக்கம் சாயக் கூடாது.

சக்கரத்தின் மேல் 78 ஏ, 82 ஏ, 85 ஏ என்பது போன்ற எண் இருக்கும். அது கடினத்தைக் குறிப்பது. எண் ஏற ஏறச் சக்கரம் கடினமாகும். தேய்வு குறையும், தரையைப் பற்றும் குணமும் குறையும். நல்ல பாலியுரித்தேன் சக்கரத்தைத் தரையில் போட்டால் துள்ளி எழும். மலிவான பிளாஸ்டிக் 'டொக்' என்று விழுந்து கிடக்கும். சக்கரத்தின் உட்பக்கமே முன்னதாகத் தேயும். அவ்வப்போது கழற்றிப் பக்கம் மாற்றிப் பூட்டினால் நெடுநாள் வரும்.

பேரிங்கைப் பற்றி ஒரு பெரும் மயக்கம் உண்டு. ஏபெக் 5, ஏபெக் 7, ஏபெக் 9 என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை உறுதிக்கு அளவுகோலாகப் பலர் கொள்கின்றனர். அந்த எண் பேரிங்கின் அளவுகள் எவ்வளவு துல்லியம் என்பதை மட்டுமே சொல்லும். எஃகு தரமானதா, எண்ணெய் நல்லதா, தூசி புகாமல் மூடியிருக்கிறதா என்பவற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கடையில் சக்கரத்தை விரலால் சுழற்றி நெடுநேரம் சுற்றுகிறதே என்று மகிழ்வதும் பயனற்றது. பாரம் ஏறிய பின் எப்படிச் சுழல்கிறது என்பதே கேள்வி. பெரும்பாலான காலணிகளில் 8 மில்லிமீட்டர் உள்விட்டமும் 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உடைய ஒரே வகைப் பேரிங்தான் பயன்படுகிறது. ஆகவே அது கெட்டால் வேறு வாங்கி மாற்றுவது எளிது. சட்டம் கெட்டால் அவ்வாறன்று.

இன்னுமொன்று நம்மை வியப்பில் ஆழ்த்தியது. சில வகைப் பாலியுரித்தேன், அணியாமல் பரணில் வைத்திருந்தாலும், காற்றிலுள்ள ஈரத்தினால் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளுக்குள் சிதைந்து, ஒருநாள் பிஸ்கோத்துப் போல் உதிர்ந்துவிடும். பம்பாய், கல்கத்தா, சென்னை போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில் வாழ்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். அண்ணன் அணிந்ததைத் தம்பிக்கு என்று பத்தாண்டு காத்து வைப்பதும், கடையில் நெடுங்காலம் தேங்கிய சரக்கைப் புதியதென நம்புவதும் ஆபத்து.

எவ்வளவு நல்ல காலணியாயினும் விழுவது உறுதி. ஆகவே முதலில் வாங்க வேண்டியது காலணியன்று. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்புமே. மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்களுக்கு அவ்விடத்தில் காயம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம் என்று 1996-இல் அமெரிக்காவில் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று கண்டது.

இத்தனை எச்சரிக்கைகளையும் கேட்டு, இவ்விளையாட்டே வேண்டாம் என்று பெற்றோர் முடிவு கட்டிவிடக் கூடாது. நம் நாட்டில் இதற்கான தேசிய சம்மேளனம் 1955-இலேயே தோன்றியது. 2010 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அனூப் குமார் யாமா இத்துறையில் வெண்கலம் பெற்றார். ஹாங்சௌவில் 2023-இல் நடந்த ஆசியப் போட்டியில் ஆடவர், மகளிர் தொடரோட்ட அணிகள் இரண்டும் வெண்கலம் வென்றன. அவற்றில் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமாரும், ஆரத்தி கஸ்தூரிராஜும், கார்த்திகா ஜெகதீஸ்வரனும் இடம்பெற்றனர். 2025-இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் ஆனந்த்குமார் 1000 மீட்டர் பந்தயத்தில் தங்கம் வென்றார். வரிச்சக்கரத்தில் உலக முதன்மை பெற்ற முதல் இந்தியர் அவரே.

கட்டுப் பிரித்த பின், சிறுமியையும் அவள் தந்தையையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். சட்டத்தை முறுக்கிப் பார்த்ததையும், சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டதையும் கடைக்காரர் சற்று வியப்புடனேயே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு மின்னாத, வண்ணம் குறைந்த ஒரு ஜோடி தேறியது. "இது அவ்வளவு அழகா இல்லையே மாமா" என்றாள் குழந்தை. "புதுசு என்பது முதல் நாளைக்கு மட்டும்தான், அம்மா. அதற்கு அடுத்த நாளிலிருந்து உன்னைத் தாங்க வேண்டியது சட்டம்தான்" என்றோம். சிறிது நேரம் யோசித்தாள். பிறகு மணிக்கட்டுக் காப்பை எடுத்து, முறிந்து கூடிய கையில் முதலில் மாட்டிக்கொண்டாள்.