புழலுக்கும் சானடோரியத்துக்கும் நடுவே

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். நிலையத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1993 முதல் எச்.ஐ.வி. உள்ளவர்களையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். மற்ற மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பற்றி "சானடோரியத்துல பாக்குறாங்களாம்" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது முதல் மையங்களுள் இதுவும் ஒன்று.

ஆக, தென்சென்னைப் புறநகரில் வாழும் ஒரு திருநங்கைக்கு மருத்துவம் ரயிலேறிப் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் அவர் கைதாகும் வரை. கைதான பிறகு என்ன ஆகிறது என்று தேடத் தொடங்கித்தான் பழைய வழக்குகளுக்குள் போனேன். காவலில் இருப்பவரின் உடலை அரசு பலமுறை பரிசோதித்திருக்கிறது. குணப்படுத்துவதற்காகச் செய்தது மிகக் குறைவு.

1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கை எடுத்துக்கொள்வோம். மொராதாபாத் பகுதியில் பெண்ணுடை அணிந்து, ஒரு குடும்பத்துப் பெண்களோடு பாடிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் காவலர்கள் அவரைப் பிடித்தார்கள். 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் அவரைப் போன்றவர்களைக் குற்றவாளிகளைப் போலவே பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. அரசு மருத்துவர் கைராத்தியின் மலவாயைப் பரிசோதித்தார், அங்கே சிபிலிஸ் அடையாளங்கள் இருப்பதாக எழுதினார். இன்று அதை வாசிக்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, இவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே. செஷன்ஸ் நீதிமன்றத்துக்கோ அது 377ஆம் பிரிவின் கீழ் தண்டிப்பதற்கான ஆதாரம். எங்கே, எப்போது, யாரோடு என்று எதுவுமே சொல்லப்படவில்லை என்பதால் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. விடுவித்தபோதும், இத்தகைய பழக்கங்களை ஒடுக்க நினைக்கும் காவல் துறையின் விருப்பம் மெச்சத்தக்கதே என்று கூறத் தவறவில்லை. நோய்க்கு மருந்து கொடுத்தார்களா என்பது யாருடைய கேள்வியாகவும் இருக்கவில்லை.

நூறு ஆண்டு கழித்து சென்னைக்கு வருவோம். 1986 தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, ரயிலில் காட்பாடி வரை கொண்டுபோய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இரண்டு பெண்கள் கைக்காசும் பிடிவாதமுமாகச் செய்த இந்தக் கண்டுபிடிப்பை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது? மயிலாப்பூர் விஜிலன்ஸ் ஹோமில், பாலியல் தொழில் வழக்குகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து. தங்களுக்குப் பால்வினை நோய்ப் பரிசோதனை நடப்பதாகவே அவர்கள் நினைத்திருந்தார்கள் என்று நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் ஒளிவில்லாமல் சொல்லியிருக்கிறார். பூட்டிய கட்டடத்துக்குள் இருப்பவரின் சம்மதம் என்னவாக இருக்க முடியும் என்ற கேள்வி அன்று மருத்துவத்திலேயே சரியாக எழவில்லை. அதற்காக நான் அவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு அரசு செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. கிருமி இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. நோயே புதிய தண்டனை ஆயிற்று. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 1990இல் நீதிமன்றம் அந்தப் பெண்களை விடுவிக்கச் சொன்னது.

இந்தக் கதையில் திருநங்கைகள் எங்கே? நூரி அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது 1987இல். தொற்று அவர்களிடையே அப்போதே இருந்தது. விஜிலன்ஸ் ஹோமோ பெண்களுக்கானது, அரசின் கண்ணில் திருநங்கை பெண் இல்லை. அதே 1986இல்தான், 'பெண்கள், சிறுமியர்' என்று மட்டுமே பேசிய 1956ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, 'நபர்' என்று பொதுப்படப் பேசும் விபச்சாரத் தடுப்புச் சட்டமாயிற்று. பெண் என்று ஏற்காத அரசு, பெண்ணுக்காக நெய்த வலையை மட்டும் அவர்கள் மேலும் விரித்தது. பிடிபட்டபின் போவது ஆண்கள் சிறைக்கு. அங்கே அவர்கள் ஏட்டில் ஆண்கள்.

ஆண்கள் பிளாக்கில் ஒரு திருநங்கைக்கு என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. சிறை வரைகூடப் போக வேண்டாம். வியாசர்பாடியில் திருட்டு வழக்கில் பிடித்துச் செல்லப்பட்ட ஒருவர், காவல் நிலையத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அதன் வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தார். அவருடைய அக்காவோ தங்கையோ, ஒரு பெண்தான் வழக்கை நடத்தினார். 2007இல் உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2019ஆம் ஆண்டின் திருநர் சட்டமோ, திருநர் மீதான பாலியல் வன்கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான் தண்டனை வைத்திருக்கிறது. பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு.

வன்முறையால் வரும் தொற்று ஒருபுறம் இருக்க, விரும்பிக் கூடுவதும் சிறையில் உண்டு. 1994இல் திகார் சிறையில் ஆணுறை கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது, அப்போதைய சிறை அதிகாரி கிரண் பேடி மறுத்துவிட்டார். கொடுத்தால் ஓரினப் புணர்ச்சியை ஒப்புக்கொண்டதாகிவிடும், அது 377இன்படி குற்றம். எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற அமைப்பு அந்தப் பிரிவையே எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 377க்கு எதிரான முதல் வழக்கு ஒரு சிறைச்சாலை ஆணுறையிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். 2001இல் அது தள்ளுபடியானது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சம்மத உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. மறுப்புக்குச் சொன்ன சட்டக் காரணம் அன்றோடு போயிற்று.

உடல்நலம் என்றால் எச்.ஐ.வி. மட்டுமில்லை. நிர்வாணம் செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீர்த் துவாரம் சுருங்கிப் போகலாம், அடிக்கடி கிருமித் தொற்று வரலாம். மறைப்பில்லாத கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அது இன்னும் மோசமாகும். ஹார்மோன் மாத்திரை திடீரென்று நின்றால் உடலும் மனமும் தடுமாறும். மலவாயில் புண் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கைராத்தியின் மருத்துவர் எழுதிய குறிப்பின் நிழல் இன்னும் அந்த அறையில் இருக்கிறது.

எண்ணிக்கையிலும் அவர்கள் வெகு தாமதமாகத்தான் வந்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் திருநருக்கென்று தனிக் கட்டம் வந்தது 2020ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து. அதற்கும் கரண் திரிபாதி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்பில் சிறைவாசிகளிடையே எச்.ஐ.வி. 1.93 சதவீதம், திருநரிடையே 3.78 சதவீதம். நாட்டின் வயதுவந்தோரில் அது 0.21. இரண்டும் இரண்டு தனித்தனி வரிசைகள். சிறையில் இருக்கும் திருநங்கை எந்த வரிசையில் நிற்பார்?

ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒன்று போட வேண்டிய மாத்திரை அறையில் கிடக்கிறது. ரிமாண்ட் 15 நாள். கூட்டு மருந்தை இடையில் விட்டால் கிருமி மீண்டும் பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். அவர் பதிவு செய்திருக்கும் மையம் சானடோரியத்தில், புழல் சிறை நகரத்தின் மறுமுனையில். வெளியே போக வழிக்காவல் வேண்டும். மாத்திரை கேட்க வேண்டுமானால், எதற்கு என்று ஆண்கள் பிளாக்கின் வாசலில் நின்று சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்தின் 31ஆம் பிரிவு, அரசின் காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றில் உரிமை உண்டு என்கிறது. விசாரணைக் கைதியும் அதில் சேர்த்தி. திருநர் கைதிகள் பற்றி 2022 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையும் பாகுபாடில்லாத மருத்துவம் பற்றிப் பேசுகிறது. அதே ஜனவரியில் தாம்பரம் தனிக் காவல் ஆணையரகமும் ஆனது. ரிமாண்ட் மனுவோடு "தினசரி மருந்து ஏதும் உண்டா" என்று ஒரு வரி, மூடிய உறையில், மருத்துவர் மட்டும் பிரிக்கிற மாதிரி வைக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம்.